பணவீக்கம் குறைந்த ஆண்டில் என் கேட்டரிங் கணக்கு உதைத்தது எப்படி

வீட்டுச் சமையல்கட்டை நம்பி கேட்டரிங் செய்பவர்களுக்கும், அலுவலகங்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு அனுப்பும் சிறு வியாபாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால், ஓர் ஆண்டு உழைப்பு அப்படிக் கரைந்து போயிருக்காது. அந்த நேரத்தில் கேட்க எனக்கு ஆள் இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சமையல் வியாபாரம் தெரியாது. தெரிந்த கேட்டரிங்காரர்கள் தங்கள் கணக்கை வெளியில் பேசுவதில்லை. அதனால் கூச்சப்படாமல் எண்களோடு சொல்கிறேன்.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு 2023 ஜூலையிலிருந்து மதியச் சாப்பாடு கொடுக்க ஒப்பந்தமானது. நாளைக்கு 80 சாப்பாடு, வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு சாப்பாடு 8 ரிங்கிட் 50 சென். சோறு, ஒரு குழம்பு, ஒரு கோழி அல்லது மீன் அல்லது முட்டை, இரண்டு காய், அப்பளம். நான் முதலில் கேட்டது 9 ரிங்கிட் 20 சென். அவர்களுடைய மேலாளர், "எல்லா இடத்திலும் 5 ரிங்கிட்டுக்கு ரஹ்மா மெனு கிடைக்கிறதே" என்றார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அரசாங்கம் இந்த மலிவு விலைச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது, அதனால் எங்கே பேரம் பேசினாலும் அந்தப் பேச்சுதான். இழுபறிக்குப் பிறகு 8.50 என்று முடிந்தது. விலை ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். ஆண்டு முடிவில் அதிகாரபூர்வப் பணவீக்கம் எவ்வளவோ அந்த அளவு கூட்டித் தருவோம், எல்லாச் சப்ளையர்களுக்கும் இதே ஷரத்துதான் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அரசாங்கம் வெளியிடும் எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

என் கணக்கு இப்படி இருந்தது. ஒரு சாப்பாட்டுக்குச் சாமான் செலவு 4 ரிங்கிட் 20 சென். இரண்டு உதவியாளர் சம்பளம், கேஸ், டப்பா, வேன் எண்ணெய் எல்லாம் சேர்த்து 2 ரிங்கிட் 90 சென். மிச்சம் 1 ரிங்கிட் 40 சென். மாதத்துக்கு ஏறக்குறைய 1,760 சாப்பாடு என்றால் 2,400 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். அதுதான் என் சம்பளம். ஆண்டுக்கு 29,000 ரிங்கிட் வரும், பெரியவளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று மனசுக்குள் ஒதுக்கியும் வைத்துவிட்டேன். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 1,500 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2023 ஜூலை 1 முதல் கட்டாயம் என்பது எனக்கு முன்பே தெரியும். அதையும் விலையில் சேர்த்திருந்தேன். முதல் இரண்டு மாதம் நினைத்தபடியே போனது.

அப்புறம் அரிசியில் ஆரம்பித்தது. ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் வீடுகளில் பொங்கும் புழுங்கல் பொன்னிக்கு அந்தத் தடை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். செப்டம்பர் 1 அன்று இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்குப் போனது. உடனே எல்லாரும் 10 கிலோ 26 ரிங்கிட் கட்டுப்பாட்டு விலையில் விற்கும் உள்ளூர் அரிசிக்கு ஓடினார்கள், அது கடைகளில் கண்ணில் படவே இல்லை. நான் வழக்கமாக வாங்கும் பொன்னி மூட்டை 42 ரிங்கிட்டிலிருந்து 50 ரிங்கிட் ஆனது. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நான் பல ஆண்டாகச் சாமான் எடுக்கும் மளிகைக்கார அண்ணன், "அக்கா, ரெண்டு மூட்டைக்கு மேல இப்ப தர முடியாது, எனக்கே வரல" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் வழக்கமான வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப் பார்த்தார்.

அடுத்து வெங்காயம். என்னை உண்மையில் சாய்த்தது வெங்காயம்தான். ஆகஸ்டில் இந்தியா வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தபோதே விலை கொஞ்சம் நகர்ந்தது. டிசம்பர் 8 அன்று ஏற்றுமதியையே தடை செய்தார்கள். கிலோ 3 ரிங்கிட் 80 சென்னுக்கு வாங்கிய இந்தியப் பெரிய வெங்காயம், அந்த மாதக் கடைசியில் நான் வாங்கிய கடையில் 8 ரிங்கிட்டைத் தொட்டது. சின்ன வெங்காயத்தை விலை கேட்கவே பயமாக இருந்தது. ஹாலந்து வெங்காயத்துக்கும் சீன வெங்காயத்துக்கும் மாறினேன். எல்லாரும் அதையே செய்ததால் அதுவும் ஏறியது. நம் சமையலில் வெங்காயத்தைக் குறைத்துவிட்டு என்ன செய்வது? குழம்பு நீர்த்துப் போகும், காய்க்குச் சுவை வராது, சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே வாயில் தெரிந்துவிடும். துவரம் பருப்பும் அந்தப் பருவம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தது. ஆண்டுக் கடைசி மழையில் கேமரன் மலைக் காய்கறி வரத்து குறைந்தது. தைப்பூசம் 2024 ஜனவரி 25 அன்று வந்தது. பினாங்கில் தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியெல்லாம் எத்தனை தேங்காய் உடைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரங்களில் தேங்காயும் துருவிய தேங்காயும் கை வைக்க முடியாத விலைக்குப் போனது.

நான் அதிகம் பயந்தது கோழிக்கு. நவம்பர் 1 அன்று கோழிக்கான உதவித்தொகையும், கிலோ 9 ரிங்கிட் 40 சென் என்ற உச்சவரம்பும் முடிந்தபோது, இனி 12, 13 என்று போகும் என நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. ஆனால் நான் வாங்கிய இடத்தில் அது அவ்வளவு ஏறவில்லை. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருகிற பொருளும் நம் கணக்கைக் கடிக்கிற பொருளும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அப்போதுதான் கண்டேன். அதனால் செய்தியைப் பார்த்துக் கவலைப்படுவதை விட, உங்கள் சாமான் பில்லில் எந்தப் பொருள் எத்தனை பங்கு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். என் கணக்கில் கோழி 24 விழுக்காடு, வெங்காயம், பூண்டு, மிளகாய் மூன்றும் சேர்ந்து 11 விழுக்காடு. கோழி 8 விழுக்காடு ஏறினால் மொத்தச் சாமான் செலவில் 2 விழுக்காடு கூட ஏறாது. அந்த 11 விழுக்காட்டுப் பொருள்கள் இரட்டிப்பானால் மொத்தச் செலவு 11 விழுக்காடு ஏறிவிடும். 4 ரிங்கிட் 20 சென்னில் அது 46 சென். ஒரு சாப்பாட்டுக்கு 1.40 மிச்சம் வைத்துப் பிழைப்பவளுக்கு 46 சென் பெரிய பணம்.

இதற்கிடையில் ஒவ்வொரு மாதமும் மலேசியப் புள்ளிவிவரத் துறை பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வெளியிடும், பணவீக்கத்தைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். முந்தைய மாதத்துக்கான எண் அடுத்த மாதம் மூன்றாம், நான்காம் வாரத்தில் வரும். நான் ஒப்பந்தம் போட்ட ஜூலையில் பணவீக்கம் 2.0 விழுக்காடு. அக்டோபரில் 1.8. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றிலும் 1.5. என் கடை பில் ஏறிக்கொண்டே போகிறது, தொலைக்காட்சியில் "பணவீக்கம் குறைந்தது" என்று வாசிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர், "நீ ஏதோ தப்பா வாங்குற" என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

எண்ணில் பொய் இல்லை, அது வேறு ஒரு கேள்விக்கான பதில். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். செய்தியில் வருகிற விழுக்காடு, போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டது. போன மாதத்தோடு ஒப்பிட்டது அல்ல. 2022இல் நாட்டின் பணவீக்கம் 3.3 விழுக்காடு, உணவுக்கு மட்டும் 5.8. அப்படி ஏற்கெனவே ஏறி நின்ற விலையின் மேல்தான் 2023இன் ஏற்றத்தை அளந்தார்கள். 100 ரிங்கிட் பொருள் ஓர் ஆண்டில் 105 ஆகி, மறு ஆண்டு 107 ஆனால், இரண்டாம் ஆண்டுப் பணவீக்கம் 1.9 விழுக்காடுதான். போன ஆண்டின் 5ஐ விட எண் இறங்கிவிட்டது. ஆனால் நீங்கள் கொடுப்பது 107. பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். விலைகள் மாதத்துக்கு மாதம் எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், அதே அறிக்கையில் முந்தைய மாதத்தோடு ஒப்பிட்ட எண்ணும் இருக்கும். வியாபாரம் செய்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், அந்தக் குறியீடு ஒரு சராசரிக் குடும்பத்தின் மொத்தச் செலவுக்கானது. அதில் உணவுக்குரிய பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடு. மீதியில் வீட்டு வாடகை, மின்சாரம், போக்குவரத்து, துணிமணி, படிப்பு, கைத்தொலைபேசிக் கட்டணம் எல்லாம் அடங்கும். அந்த ஆண்டு தொலைத்தொடர்புச் செலவு இறங்கிக்கொண்டிருந்தது, ரோன்95 பெட்ரோல் 2 ரிங்கிட் 5 சென்னிலேயே நின்றது. சராசரிக் குடும்பத்துக்கு அது உண்மையான நிம்மதி. என் 4 ரிங்கிட் 20 சென்னில் தொலைபேசிக் கட்டணம் எங்கே இருக்கிறது? அதில் இருப்பது அரிசி, கோழி, வெங்காயம், காய்கறி, பருப்பு, எண்ணெய், தேங்காய், மசாலை. எண்ணெயிலும் ஒரு வித்தியாசம் உண்டு. குடும்பங்களுக்கு 1 கிலோ பொட்டல எண்ணெய் உதவித்தொகையோடு 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கிறது. வியாபாரத்துக்கு அதை வாங்கக் கூடாது. நாங்கள் வாங்குவது 5 கிலோ போத்தல். குடும்பங்களுக்கான குறியீட்டில் மலிவாக நிற்கிற பொருளை நான் சட்டப்படி வாங்கவே முடியாதபோது, அந்தக் குறியீட்டை வைத்து எனக்கு விலை கூட்டுவது எப்படிச் சரியாகும்?

மூன்றாவது, இடம். புள்ளிவிவரத் துறை மாநிலவாரியாகவும் எண் வெளியிடுகிறது. பினாங்கு எண்ணைத் தனியாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அந்த எண் தீவையும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையையும் சேர்த்தது. தீவில் நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு பாலத்தைத் தாண்டித்தான் வருகிறது. டோல் கட்டணமும் தீவுக்குள் வரும்போதுதான் வாங்குகிறார்கள், திரும்பிப் போகும்போது இல்லை. காய்கறி லோரிக்காரர் அதையும் டீசலையும் கூலியில்தான் சேர்ப்பார். சௌராஸ்தா மார்க்கெட்டிலும் புலாவ் திக்குஸ் மார்க்கெட்டிலும் ஒரே காலையில் ஒரே கத்தரிக்காய்க்கு இரண்டு விலை சொல்வார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் நாத்தனார் வாங்கும் விலை இன்னொன்று. நாட்டுச் சராசரி, மாநிலச் சராசரி எதுவும் உங்கள் பையில் இருக்கும் கத்தரிக்காயின் விலையைச் சொல்லாது. அதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். செப்டம்பரிலிருந்து மிச்சம் மாதத்துக்கு 1,500, 1,200, 1,000 என்று இறங்கியது. டிசம்பரில் 350 ரிங்கிட். ஜனவரியில் வரவும் செலவும் சரியாகப் போய், என் உழைப்புக்கு ஒன்றுமே இல்லை. பிப்ரவரியில் சாமான் செலவு 5 ரிங்கிட் 25 சென், மற்றவை 3 ரிங்கிட் 35 சென். 8.50க்கு விற்று 8.60 செலவு செய்தேன். இதோடு பணம் தாமதமாக வருவது வேறு. நான் பில் கொடுத்து 45 நாள் கழித்துத்தான் பணம் வரும். மளிகைக்கும் கோழிக்கும் கையில் காசு. விலை நிலையாக இருக்கும்போது 45 நாள் சமாளிக்கக்கூடியதுதான். விலை ஏறும்போது, பழைய விலைக்கு விற்ற பணத்தை வைத்துப் புது விலைக்குச் சாமான் வாங்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் கை குறையும். பிப்ரவரியில் என் கல்யாணச் சங்கிலியை 4,000 ரிங்கிட்டுக்கு அடகு வைத்தேன். உதவியாளர்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரு நாள் கூடத் தள்ளிப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அவர்கள் இருவருமே குடும்பத்தைத் தனியாகத் தூக்குகிற பெண்கள். அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பதுதான் அந்த மாதங்களில் எனக்குக் கஷ்டமான வேலையாக இருந்தது.

மார்ச் இன்னும் மோசம். நோன்பு மாதம் மார்ச் 12 அன்று தொடங்கியது. நோன்பிருக்கும் ஊழியர்கள் போக, 80 சாப்பாடு 45க்கு வந்தது. இது இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு வரி இல்லை. சம்பளம், வேன், வாடகை எதுவும் பாதியாகவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,300 ரிங்கிட் கையிலிருந்து போனது. ஏப்ரல் முதல் பாதியும் அப்படியே. மார்ச், ஏப்ரலில் விலையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். ஆண்டு முடியட்டும், ஷரத்துப்படி பார்ப்போம் என்றார்கள். நடுவில் நிறுத்தினால் முன்பணம் போகும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அதனால் நிறுத்தவும் முடியவில்லை.

மே 4 அன்று இந்தியா வெங்காயத் தடையை நீக்கியது. கணக்கு மெல்ல மூச்சு விட்டது. ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது, காய்கறிக்காரர் டெலிவரிக் கூலியைக் கூட்டினார். ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தபோது, 29,000 ரிங்கிட் வரும் என்று நினைத்த இடத்தில் 7,000 சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. புதுப்பிக்கும் கடிதத்தில் அவர்கள் சொன்ன உயர்வு 2 விழுக்காடு, 17 சென். என் செலவு அப்போதே 1 ரிங்கிட் 20 சென் ஏறியிருந்தது. அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 9 ரிங்கிட் 60 சென் கேட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, அதிகம் செலவாகும் பன்னிரண்டு பொருள்களை எழுதினேன். ஒவ்வொன்றும் சாமான் செலவில் எத்தனை விழுக்காடு என்று பக்கத்தில் குறித்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், அதே கடையில், அதே ரகத்தின் விலையை எழுதுகிறேன். கடையை மாற்றினால், ரகத்தை மாற்றினால் அதையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏறியதா, நாம் மாறினோமா என்று தெரியாது. தொடங்கிய மாதத்தை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஏறியதோ அதை அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் நம் சாப்பாட்டுக்கான குறியீடு வந்துவிடும். புள்ளிவிவரத் துறை பெரிய அளவில் செய்வதும் இதே வேலைதான். மகள் அதைத் தொலைபேசியில் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தாள். நோட்டு கூடப் போதும்.

இரண்டாவது, நாம் எழுதும் விலையை மட்டும் காட்டினால் எதிரில் இருப்பவர் நம்ப மாட்டார். அதற்குப் பிரைஸ்கேச்சர் செயலி உதவும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் கடை கடையாகப் பதிவு செய்யும் விலைகள் அதில் இருக்கின்றன. கோழி, முட்டை, வெங்காயம், எண்ணெய் எல்லாவற்றையும் பினாங்குக் கடைகளிலேயே தேடிப் பார்க்கலாம். மூன்று, நான்கு கடைகளின் விலையை மாதந்தோறும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையில் நம் வாய்ச்சொல்லை விட அதற்கு மதிப்பு அதிகம். அதிகாரபூர்வக் குறியீடுதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், மொத்த எண்ணை ஒத்துக்கொள்ளாதீர்கள். உணவுக்கான துணைக் குறியீடு தனியாக வெளியாகிறது, அதைக் கேளுங்கள். அதுவும் நம் செலவை முழுக்கப் பிடிக்காது. ஆனால் தொலைபேசிக் கட்டணத்தை வைத்து வெங்காயத்துக்கு விலை போடுவதை விட எவ்வளவோ மேல்.

மூன்றாவது ஒப்பந்த வாசகம். இப்போது என் கொட்டேஷனில் நாலு வரி கட்டாயம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலை மறுபரிசீலனை. பட்டியலில் உள்ள பொருள்களின் மொத்தச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ சாப்பாட்டு விலை அதற்கேற்ப மாறும். இறங்கினாலும் என்று எழுதுவது முக்கியம், அதைப் பார்த்தபிறகுதான் எதிரில் இருப்பவர் நம்மை நியாயமானவராக நினைக்கிறார், உண்மையில் அது நியாயமும்கூட. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை சாப்பாடு, நோன்பு மாதத்துக்குத் தனி எண்ணிக்கை. பணம் 14 நாளில். பெரிய நிறுவனம் 14 நாளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார்கள். இரண்டு இடம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களை விட்டுவிட்டேன். ஒத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

மெனுவையும் ஒப்பந்தத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். முன்பு புதன்கிழமை மீன் என்று எழுதியே கொடுத்திருந்தேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் மீன், ஒரு நாள் முட்டை என்று மட்டும்தான் இருக்கும், எந்த மீன் என்று இருக்காது. அந்தக் கஷ்ட காலத்தில் என்னைத் தாங்கியது முட்டைதான். ஏ ரகம் 45 சென், பி 43, சி 41 என்று விலை கட்டுப்பாட்டில் நின்றது. முட்டைக் குழம்பு வைக்கும் நாளில்தான் கொஞ்சம் மிச்சம் பார்த்தேன். தீபாவளி சமயத்தில் அமைச்சு சில பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிக்கும். பருப்பு, சின்ன வெங்காயம், தேங்காய் போன்றவை அந்தப் பட்டியலில் வருவதுண்டு. கெட்டுப்போகாத சாமானை அந்த நாள்களில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைக்கலாம். ஆனால் வெங்காயத்தை மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்க்காதீர்கள். நம் தீவு ஈரத்துக்கு அது முளைவிட்டு அழுகிவிடும்.

முன்கூட்டியே தேதி தெரிந்த செலவுகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 1 அப்படி ஒரு நாள். சிறு முதலாளிகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது அன்றுதான். முட்டைக்கான உதவித்தொகை முழுவதும் நின்றதும் அதே நாள்தான், மே மாதத்திலேயே அதைப் பத்து சென்னிலிருந்து ஐந்து சென்னாகக் குறைத்திருந்தார்கள். இரண்டு பேருக்குச் சம்பள உயர்வு 400 ரிங்கிட், அதை மாதம் 1,700 சாப்பாட்டுக்குப் பிரித்தால் 24 சென்னுக்குப் பக்கம். அதற்கு மேல் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா. இதை ஒரு பக்கத்தில் கணக்காக எழுதி, ஜூன் மாதமே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு கணக்காளர் அலுவலகத்திலிருந்து மறுநாளே சரி என்று பதில் வந்தது. இன்னொருவர் கொஞ்சம் பேரம் பேசினார், 30 சென் கேட்டது 25 சென்னில் முடிந்தது. ஒருவரும் கோபப்படவில்லை. முன்பு நான் மார்ச்சில் கெஞ்சிக்கொண்டு கடிதம் கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இந்த முறை தேதியும் எண்ணும் முன்னால் போயின.

சங்கிலியை மீட்டுவிட்டேன், வட்டியோடு. பெரியவள் கல்லூரியில் சேர்ந்தது நாங்கள் திட்டமிட்டதற்கு ஒரு பருவம் தள்ளித்தான். அது இன்னும் உறுத்துகிறது. இப்போது யாராவது உங்களிடம் ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டி, பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டித் தருவோம் என்று சொன்னால், கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் குறியீடு, மொத்தமா உணவுக்கு மட்டுமா? எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவீர்கள்? ஆண்டு நடுவில் என் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் யாரிடம் பேச வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் எழுதித் தரத் தயங்கினால், விலையில் குறைந்தது 10 விழுக்காடு கூட்டிக் கேளுங்கள், அதற்கும் மறுத்தால் வேறு வாடிக்கையாளரைத் தேடுங்கள்.